2,000 முறை பறந்த பட்டறைக்காரர்

லாபு, நீலாய் பக்கத்துத் தோட்டங்களில் வளரும் பிள்ளைகளுக்கு விமானம் ஒரு புதுமையே இல்லை. 1998-இல் சிப்பாங்கில் அனைத்துலக விமான நிலையம் திறக்கப்பட்டதிலிருந்து, செம்பனை மட்டைகளுக்கு மேலே சக்கரத்தை நீட்டிக்கொண்டு இறங்கும் விமானங்களைப் பார்த்தபடியேதான் அவர்கள் பள்ளிக்குப் போகிறார்கள். தோட்டத்து அண்ணன்மார், அக்காமார் சிலருக்கு அங்கேதான் வேலை. பெட்டி ஏற்றுகிறார்கள், விமானத்தைத் துப்புரவு செய்கிறார்கள், பழுது பார்க்கிறார்கள், முகப்பில் நின்று பயணச்சீட்டுச் சரிபார்க்கிறார்கள். விமானம் ஓட்டுவது என்ற பேச்சு வந்தால் மட்டும் அது வசதி படைத்தவர்கள் சமாச்சாரம் என்று ஒதுங்கிக்கொள்கிறோம்.

மாலை நேரத்தில் தோட்ட மண்டபத்தில் நான் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். படிவம் 5 மாணவி ஒருத்தி ஒருநாள் ஒரு கேள்வி கேட்டாள். விமான நிறுவனத்தில் சாதாரண வேலை பார்ப்பவர்கள் ஓய்வு நாளில் தாங்களே பறந்தது உண்டா, சார்? விடை தேடிப் புறப்பட்டேன். உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனின் பி.ஓ.ஏ.சி., பி.இ.ஏ. ஆகிய விமான நிறுவனங்களின் ஊழியர்கள் தங்களுக்கென்று பறக்கும் சங்கம் வைத்திருந்தார்கள். கிளைடர் சங்கமும் அதில் அடக்கம். கிளைடர் என்பது இயந்திரமே இல்லாத விமானம். நீண்ட இரும்புக் கயிற்றின் ஒரு முனையை அதில் மாட்டி, மறுமுனையை வின்ச் வேகமாகச் சுருட்டினால், பட்டம்போல் மேலே ஏறிவிடும். உச்சியில் கயிற்றைக் கழற்றிவிட்டால் பிறகு காற்றும் விமானியும்தான்.

கிளைடர் சங்கங்களில் எனக்குப் பிடித்தது ஒன்று. அங்கே தனியாக யாரும் பறக்க முடியாது. ஒருவர் பறக்க வேண்டுமானால் ஒருவர் வின்ச்சை இயக்க வேண்டும், ஒருவர் இறக்கை நுனியைத் தாங்கிப் பிடிக்க வேண்டும், ஒருவர் அறுந்த ஆடுபோல் புல்வெளியில் கிடக்கும் கயிற்றை இழுத்து வர வேண்டும், ஒருவர் நேரத்தைக் குறித்து வைக்க வேண்டும். காலையில் கயிறு இழுத்தவர் மாலையில் பறப்பார். பணத்தில் குறைவதை உழைப்பில் ஈடு கட்டுகிற ஏற்பாடு அது.

இந்தப் பழக்கம் எங்கே தொடங்கியது என்று பின்னோக்கிப் போனேன். போரில் தோற்ற ஜெர்மனியில் கிளைடர் பறப்பதற்குக்கூட நேச நாடுகள் தடை போட்டன. 1951-இல்தான் அது விலகியது. அதற்கும் முன்னால், முதல் உலகப் போர் முடிந்தபோது வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மானியர்களின் விமானங்களையும் விமான இயந்திரங்களையும் பறித்துக்கொண்டது. இயந்திரம் இல்லாவிட்டால் என்ன என்று மாணவர்கள் 1920-இல் வாசர்குப்பே என்ற மலையில் கூடி, தாங்களே செய்த கிளைடர்களில் பறந்தார்கள். இன்னும் பின்னால் போனால் எல்லாத் தடமும் ஒரே மனிதரிடம் போய் முடிகிறது. அவர் பெயர் ஓட்டோ லிலியந்தால். ரைட் சகோதரர்களைத் தெரிந்த நமக்கு இவரைத் தெரியாமல் போனது பெரிய நட்டம் என்பது என் எண்ணம்.

1848 மே 23-ஆம் நாள், ஜெர்மனியின் வடக்கே அங்கிளாம் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை துணி வியாபாரி. தாய் இசை பயின்றவர். வீட்டில் பிறந்த எட்டுப் பிள்ளைகளில் ஐவர் சிறு வயதிலேயே இறந்துவிட்டார்கள். எஞ்சியவர்கள் ஓட்டோ, தம்பி குஸ்தாவ், தங்கை மரியா. ஓட்டோவுக்குப் பதின்மூன்று வயது ஆவதற்குள் தந்தையும் போய்விட்டார். தாய்தான் மூவரையும் வளர்த்துப் படிக்க வைத்தார்.

அங்கிளாமைச் சுற்றிலும் ஈரமான புல்வெளிகள். கோடையில் அங்கே நாரைகள் வந்து இறங்கும். நம் சத்திமுத்தப் புலவர் தூது விட்டாரே, அந்தச் செங்கால் நாரையின் இனம்தான். பெரிய பறவை அது. சும்மா நின்ற இடத்திலிருந்து எழும்பாது. காற்றை எதிர்த்து நாலடி ஓடித்தான் எழும்பும். அண்ணனும் தம்பியும் புல்லில் படுத்துக்கொண்டு இதைக் கவனித்தார்கள். காற்று வீசும் திசையிலேயே ஓடினால் சுலபமாக இருக்காதா, ஏன் எதிர்த்து ஓடுகிறது? இந்த ஒரு கேள்வியே பின்னாளில் அவர்களுடைய ஆராய்ச்சியின் வித்து. இறக்கைக்கு வேண்டியது தரையின் மீதான வேகம் அல்ல, காற்றின் மீதான வேகம் என்பதை நாரை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டது.

மெல்லிய மரத்தகட்டில் இறக்கை செய்து, கையில் கட்டிக்கொண்டு மேட்டிலிருந்து ஓடிப் பார்த்தார்கள். பறக்கவில்லை. பள்ளித் தோழர்கள் கேலி செய்வார்கள் என்று பயந்து இந்தச் சோதனையை இரவில்தான் செய்தார்களாம். கேலிக்குப் பயந்து ஆசையை இருட்டில் வைத்திருக்கும் பிள்ளைகள் நம் தோட்டங்களிலும் இருக்கிறார்கள். ஆகவே இந்தச் செய்தியை நான் வகுப்பில் சொல்லாமல் விடுவதில்லை.

ஓட்டோ பொட்ஸ்டாமில் தொழிற்கல்வி படித்தார். பெர்லினில் இயந்திரத் தொழிற்சாலை ஒன்றில் கைவேலை பழகினார். பிறகு அங்கேயே தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். கையில் காசில்லாத காலம். தனி அறை எடுக்க வழியில்லாமல் படுக்கும் இடத்தை மட்டும் வாடகைக்குப் பிடித்துக் காலம் தள்ளினார். 1870-இல் பிரான்சுடன் போர் மூண்டபோது படையில் சேர்க்கப்பட்டார். திரும்பி வந்ததும் பொறியியலாளராக வேலை, கூடவே தம்பியுடன் ஆராய்ச்சி.

அந்த ஆராய்ச்சியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் பறக்க நினைத்தவர்கள் இரண்டு வகை. ஒருவகையினர் கோபுரத்திலிருந்து குதித்துக் காலை முறித்துக்கொண்டார்கள். மற்றவகையினர் காகிதத்தில் பெரிய பெரிய இயந்திரங்கள் வரைந்தார்கள். லிலியந்தால் அளக்க ஆரம்பித்தார். ஒரு செங்குத்துத் தண்டின் மேல் நீண்ட கை ஒன்றைப் பொருத்தி, அதன் நுனியில் சிறிய இறக்கை மாதிரியை மாட்டி, எடை இறங்கும் விசையால் சுழல விடுவார். ராட்டினம் மாதிரிதான். இறக்கையைக் காற்று எவ்வளவு தூக்குகிறது, எவ்வளவு பின்னுக்கு இழுக்கிறது என்று ஒவ்வொரு சாய்வுக் கோணத்திலும் குறித்துக்கொள்வார். தட்டையான பலகையை விட, பறவையின் இறக்கைபோல் மேல்பக்கம் லேசாகக் குவிந்து வளைந்த தகடு பல மடங்கு நன்றாகத் தூக்குகிறது என்று 1870-களிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் உடனே ஊரைக் கூட்டவில்லை. மீண்டும் மீண்டும் அளந்து, 1889-இல்தான் பறவைப் பறத்தலை அடிப்படையாகக் கொண்ட தம் நூலை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 41.

இதற்கிடையில் வயிற்றுப்பாடும் இருந்தது. 1878-இல் ஆக்னஸ் என்பவரை மணந்தார், நான்கு பிள்ளைகள். சகோதரர்கள் இருவரும் சேர்ந்து மணல், சுண்ணாம்புத்தூள், ஆளிவிதை எண்ணெய் கலந்து பிள்ளைகள் அடுக்கி விளையாடும் கட்டடக் கற்களை உருவாக்கினார்கள். விற்கத் தெரியவில்லை. உரிமையை 1880-இல் ரிக்டர் என்ற வியாபாரியிடம் கொடுத்துவிட்டார்கள். அவர் அந்தக் கற்களை உலகம் முழுக்க விற்றுப் பெரும் செல்வரானார். கண்டுபிடிப்பவனுக்கும் காசு பார்ப்பவனுக்கும் இடையே உள்ள தூரத்தை லிலியந்தால் அப்போதே பார்த்துவிட்டார்.

அடுத்த கண்டுபிடிப்பு கை கொடுத்தது. வளைந்து சுருளும் குழாய்களால் ஆன சிறிய நீராவிக் கொதிகலன் அது. பெரிய கொதிகலன்கள் வெடித்து ஆட்கள் சாவது வாடிக்கையாக இருந்த நாளில், இது சிறிய பட்டறைகள்கூட அச்சமின்றி வைத்துக்கொள்ளக்கூடியது. அதைக் கொண்டு பெர்லினில் சொந்தத் தொழிற்சாலை தொடங்கினார். 1890-இல் அங்கே அவர் செய்த ஒரு காரியம் நெகிரி செம்பிலான் தோட்டத்து மண்ணில் பிறந்த என்னை இன்றும் வியக்க வைக்கிறது. தொழிற்சாலையின் இலாபத்தில் 25 விழுக்காட்டைத் தொழிலாளர்களுக்குப் பங்காகக் கொடுக்க ஏற்பாடு செய்தார். யாரும் போராடிக் கேட்டதால் அல்ல, அவராகவே. பால்மரம் வெட்டிய நம் தாத்தா பாட்டிமார் நாள் சம்பளத்தில் சில காசு உயர்வதற்கு எத்தனை ஆண்டு போராட வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். இன்னொன்று: தொழிலாளர் வாழும் கிழக்கு பெர்லினில் ஒரு நாடக அரங்கத்தின் நிர்வாகத்தில் பங்கெடுத்து, ஏழைகள் பார்க்கும்படி பத்து காசுக்கு இருக்கை விட்டார். தாமே ஒரு நாடகமும் எழுதினார். நாடகம் எப்படி இருந்ததோ, பத்துக் காசு டிக்கெட் நல்ல யோசனை.

சரி, பறத்தலுக்கு வருவோம். நூல் வெளிவந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1891-இல், பெர்லினுக்கு அருகே டெர்விட்ஸ் என்ற சிற்றூர் மேட்டில் அவர் முதன்முதலாகக் காற்றில் மிதந்தார். ஏறக்குறைய 25 மீட்டர் தூரம். நம் பள்ளித் திடலில் ஓட்டப் பந்தயக் கோட்டில் கால் பங்கு. அவ்வளவுதான். ஆனால் அளந்து, கணக்குப் போட்டு, திரும்பத் திரும்பச் செய்யக்கூடியதாக ஒரு மனிதன் பறந்தது அதுவே முதல் முறை.

அவருடைய கிளைடரை மனத்தில் வரைந்து பாருங்கள். வில்லோ மரக்குச்சிகளாலான விலா எலும்புகள், அதன்மேல் இழுத்துக் கட்டிய பருத்தித் துணி. இறக்கையின் முழு விரிவு ஏறத்தாழ 6.7 மீட்டர், பரப்பு 13 சதுர மீட்டர், எடை வெறும் 20 கிலோ. நடுவில் உள்ள துளைக்குள் நின்று, முன்கைகளைச் சட்டத்தில் ஊன்றிக்கொண்டு, காற்றை எதிர்த்துச் சரிவில் ஓடுவார். கால் தரையை விட்டதும் இடுப்புக்குக் கீழே உடம்பு தொங்கும். இடப்பக்க இறக்கை மேலே போனால் கால்களை இடப்பக்கம் வீசுவார். மூக்கு மேலே போனால் கால்களை முன்னால் நீட்டுவார். புவியீர்ப்பு மையத்தை நகர்த்தித் திசை திருப்பும் இந்த முறைதான் இன்றைய தொங்கு கிளைடர்களிலும் இருக்கிறது. ஒரே வேறுபாடு, இன்று விமானியின் உடம்பு முழுவதும் பட்டையில் தொங்கி அசைகிறது. லிலியந்தாலுக்கு மார்பும் தோளும் சட்டத்தில் சிக்கியிருந்தன, கால்கள் மட்டுமே ஆடின. இது எவ்வளவு பெரிய குறை என்பது பின்னால் தெரியும்.

குன்றுக்குக் குன்று மாறினார். 1893-இல் ரீனோ குன்றுகளில் 250 மீட்டர் வரை பறந்தார். ஆனால் அது ஊரிலிருந்து வெகு தூரம். தொழிற்சாலை வேலை முடிந்து மாலையில் பழக வீட்டுக்குப் பக்கத்தில் மேடு வேண்டும். பெர்லினைச் சுற்றிலும் தரை தட்டை. ஆகவே 1894-இல் லிக்டர்ஃபெல்டே என்ற இடத்தில் செங்கல் சூளைக் கழிவு மண்ணைக் குவித்து 15 மீட்டர் உயரத்தில் கூம்பு வடிவக் குன்று ஒன்றைக் கட்டிவிட்டார்! உச்சியில் கிளைடர் வைக்கும் கொட்டகை. கூம்பு என்பதால் காற்று எந்தத் திசையிலிருந்து வீசினாலும் எதிர்த்து ஓடலாம். அந்தக் குன்று இன்றும் பெர்லினில் நினைவிடமாக நிற்கிறது. தனக்கு வேண்டிய மலையைத் தானே செய்துகொண்ட வேறு ஒருவரை நான் வரலாற்றில் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மக்கள் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள். அப்போதுதான் வேகமான ஒளிப்படக் கருவிகள் வந்திருந்தன. காற்றில் நிற்கும் மனிதனின் படங்கள் பல நாட்டு இதழ்களில் வெளிவந்தன. மனிதன் பறக்கவே முடியாது என்று அடித்துச் சொன்னவர்களுக்கு அந்தப் படங்களே பதிலாயின. தம் கிளைடரை 500 மார்க் விலைக்கு விற்கவும் செய்தார். வாங்கியவர்களில் மாஸ்கோவின் புகழ்பெற்ற விஞ்ஞானி ஷுக்கோவ்ஸ்கியும் ஒருவர். விலைக்குச் செய்யப்பட்ட முதல் பறக்கும் கருவி அதுவே.

ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ 2,000 முறை பறந்தார். கேட்கப் பெரிதாக இருக்கிறது அல்லவா? ஒவ்வொன்றும் சில வினாடிகள்தான். அத்தனையையும் கூட்டினால் அவர் காற்றில் இருந்த நேரம் ஏறக்குறைய ஐந்து மணிதான் என்று பின்னாளில் வில்பர் ரைட் கணக்குப் போட்டுக் காட்டினார். ஐந்து மணி நேரப் பயிற்சிக்கு ஐந்து ஆண்டு!

அவருடன் எப்போதும் இருந்தவர் பவுல் பைலிஷ் என்ற தொழிலாளி, அவருடைய தொழிற்சாலை மெக்கானிக். கிளைடரைத் தூக்கிக்கொண்டு குன்றேறுவதும், உடைந்ததைச் சரி செய்வதும் அவர்தான். முதலாளி பெயர் நூல்களில் இருக்கிறது. பைலிஷ் பெயர் அடிக்குறிப்பில் இருக்கிறது. கயிறு இழுப்பவர் இல்லாமல் யாரும் பறக்க முடியாது என்று முன்பு சொன்னேனே, அந்தக் கணக்கில் முதல் ஆள் இவர்.

1896 ஆகஸ்டு 9, ஞாயிற்றுக்கிழமை. ஸ்டொல்ன் கிராமத்தின் கொல்லன்பெர்க் குன்று. வெயிலடிக்கும் நாள். பைலிஷும் உடன் இருந்தார். முதலில் பறந்தது நன்றாகவே அமைந்தது. மறுபடி பறந்தபோது திடீரென்று கீழிருந்து எழுந்த வெப்பக் காற்று கிளைடரின் மூக்கை மேலே தள்ளி, அதை நடுவானில் நிறுத்திவிட்டது. இறக்கைக்கு வேகம் இல்லையென்றால் தூக்கு விசை இல்லை. லிலியந்தால் கால்களை முன்னால் வீசி மூக்கை இறக்கப் பார்த்தார். கால்களின் எடை போதவில்லை. சுமார் 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தார். கழுத்தெலும்பு முறிந்தது. மறுநாள் இரயிலில் பெர்லினுக்குக் கொண்டு சென்றார்கள்; அங்கே மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. வயது 48.

அண்மை ஆண்டுகளில் ஜெர்மானிய விண்வெளி ஆய்வு மையத்தினர் அந்தக் கிளைடரை அச்சு அசலாகச் செய்து காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். அமைதியான காற்றில் அது நிலையாகவே பறக்கக்கூடியது என்று தெரிந்தது. அப்படியானால் அவருடைய கருவியில் பெரிய பிழை இல்லை. கட்டுப்படுத்தும் வழிதான் போதவில்லை.

அந்த வெப்பக் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. மறுநடவுக்காகச் செம்பனையை வெட்டிச் சாய்த்த வெறும் நிலத்தைக் காலை பத்து மணிக்கு மேல் கவனியுங்கள். செம்மண் சூடேறும். சூடான காற்று தூண்போல் மேலே எழும். அதுவரை மரத்தில் உட்கார்ந்திருந்த பருந்து அந்தத் தூணுக்குள் புகுந்து, சிறகை ஒருமுறைகூட அடிக்காமல் வட்டமிட்டு வட்டமிட்டு மேலேறும். விடியற்காலையில் அது வட்டமிடுவதை நீங்கள் பார்க்க முடியாது, நிலம் இன்னும் சூடாகவில்லை. லிலியந்தாலைக் கொன்ற அதே வகைக் காற்றை 1920-களின் பிற்பகுதியில் கிளைடர் விமானிகள் பருந்தைப்போல் பயன்படுத்தக் கற்றுக்கொண்டார்கள். இன்று அதை நம்பியே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இயந்திரமில்லாமல் போகிறார்கள்.

அவருடைய மரணச் செய்தி அமெரிக்காவின் டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்த இரு சகோதரர்களை எட்டியது. வில்பர் ரைட்டுக்குப் பறத்தலில் இருந்த பழைய ஆர்வம் மீண்டும் எழுந்தது அப்போதுதான். லிலியந்தாலின் அட்டவணையை வைத்து ரைட் சகோதரர்கள் கிளைடர் செய்தார்கள். 1901-இல் பறந்தபோது எதிர்பார்த்த தூக்கு விசை கிடைக்கவில்லை. லிலியந்தால் கணக்கு தப்பு என்று நினைத்தார்கள். ஆனால் அப்படியே எழுதி வைத்துவிடாமல் சொந்தமாகக் காற்றுச் சுரங்கம் கட்டி, ஏறக்குறைய 200 இறக்கை வடிவங்களைச் சோதித்தார்கள். அட்டவணை பெரும்பாலும் சரியாகவே இருந்தது! தப்பு இருந்தது வேறிடத்தில். காற்றழுத்தத்தைக் கணக்கிட 18-ஆம் நூற்றாண்டிலிருந்து எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தி வந்த ஒரு மாறிலியின் மதிப்பு 0.005. உண்மையில் அது 0.0033 அளவுதான் என்று ரைட் சகோதரர்கள் கண்டார்கள். இயற்பியல் படிக்கும் மாணவர்களே, பாடநூலில் அச்சாகியிருக்கும் எண்ணையும் ஒருவர் அளந்துதான் எழுதினார் என்பதை நினைவில் வையுங்கள்.

உடம்பை அசைத்துத் திருப்புவது போதாது என்பதையும் அவர்கள் லிலியந்தாலின் விழுகையிலிருந்து புரிந்துகொண்டார்கள். இறக்கையையே முறுக்கித் திருப்பும் முறையைக் கண்டுபிடித்தார்கள். 1903 டிசம்பர் 17-இல் அவர்களுடைய இயந்திர விமானம் பறந்தது. லிலியந்தால் உயிரோடு இருந்திருந்தால் அப்போது அவருக்கு 55 வயது.

ஸ்டொல்ன் கிராமம் பின்னர் கிழக்கு ஜெர்மனியின் பகுதியாயிற்று. அந்நாட்டு விமான நிறுவனம் இன்டர்ஃபுளூக். பழையதாகிப்போன தன் ஐஎல்-62 விமானம் ஒன்றை லிலியந்தால் நினைவாக அந்தக் கிராமத்துக்குக் கொடுக்க முடிவு செய்தது. எப்படிக் கொண்டுபோவது? பறந்துதான். நான்கு ஜெட் இயந்திரங்கள், 53 மீட்டர் நீளம், நெடுந்தூரம் போகும் விமானம் அது. அங்கே இருந்ததோ குன்றடியில் சுமார் 900 மீட்டர் புல்தரை. 1989 அக்டோபர் 23-ஆம் நாள் இன்டர்ஃபுளூக் விமானிகள் புழுதி பறக்க அதை அந்தப் புல்லில் இறக்கி நிறுத்தினார்கள். பெர்லின் சுவர் விழுவதற்கு இன்னும் பதினேழு நாள் இருந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் அந்த நாடும் இல்லை, அந்த விமான நிறுவனமும் இல்லை.

விமானம் மட்டும் இன்னும் அங்கேயே நிற்கிறது. உள்ளே சிறு அருங்காட்சியகம்; திருமணப் பதிவும் நடக்கிறது. அதற்கு லிலியந்தாலின் பெயரை வைக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் கணவர் குன்றுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்து, அவர் போன பிறகு நான்கு பிள்ளைகளை வளர்த்த மனைவியின் பெயர்தான் அதன் பக்கவாட்டில் எழுதியிருக்கிறது: லேடி ஆக்னஸ்.